ஆறு வருஷமா வாங்கின இ-புக் கடைக்கு ஏன் ரெண்டு ஸ்டார் மட்டும் குடுக்குறேன்

ரெண்டு ஸ்டார்தான். இது ஏதோ ஒருநாள் ஆப் ஓடலைன்னு வந்த கோவம் இல்லீங்க, ஆறு வருஷமா வாங்கிட்டிருக்குற கடை, என் கணக்குல இன்னைக்கு 184 இ-புக்கும் 31 ஆடியோபுக்கும் இருக்கு, எல்லாமே காசு குடுத்து வாங்கினது. அதனால கொஞ்சம் நீளமாத்தான் எழுதப் போறேன், வாங்கலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்க பொறுமையா படிங்க. கடை பேரை நான் இங்க போடல. நான் சொல்லப் போறது இந்த ஒரு கடையோட தப்பு மட்டும் இல்ல, பூட்டு போட்டு (அதாவது அவங்க ஆப்ல, டிவைஸ்ல மட்டும் திறக்குற மாதிரி ஃபைலைக் கட்டி வச்சு, டிஆர்எம்னு சொல்லுவாங்க) புக் விக்கிற எந்த கடைக்கும் இது பொருந்தும்.

நல்லதை முதல்ல சொல்லிடுறேன். சர்ச் ரொம்ப நல்லா இருக்கு, எழுத்தாளர் பேரைத் தப்பா அடிச்சாலும் கண்டுபிடிச்சுக் குடுத்துடும். ஆரம்பத்துல தமிழ் எழுத்து உடைஞ்சு உடைஞ்சு வரும், கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு நிக்கும், அதை ஒரு மூணு வருஷம் முன்னாடி சரி பண்ணிட்டாங்க. போன்ல விட்ட பக்கத்துல இருந்து டேப்லெட்ல தொடரலாம், அடிக்கோடு போட்டது குறிப்பு எழுதினது எல்லாம் கூடவே வந்துடும். தெரியாம தப்பான புக்கை வாங்கிட்டு பணம் திருப்பிக் கேட்டேன், ரெண்டு தடவை, ரெண்டு தடவையும் ஒரு வாரத்துக்குள்ள வந்துடுச்சு. அந்த ரெண்டு ஸ்டார் இதுக்கெல்லாம் சேர்த்துத்தான்.

பிரச்சனை எப்ப தெரிஞ்சுதுன்னா, நான் வச்சிருந்த ரீடர் டிவைஸோட ஸ்கிரீன் போனப்ப. அஞ்சு வருஷம் உழைச்சுது, குறை சொல்ல மாட்டேன். புதுசு வாங்கணும்னு பாத்தா வேற ஒரு கம்பெனி ரீடர் எனக்கு புடிச்சிருந்துது, பெரிய ஸ்கிரீன், எழுத்தை நல்லா பெருசாக்கலாம், அதை வாங்கிட்டேன். வாங்கி வீட்டுக்கு கொண்டு வந்து பழைய புக்கெல்லாம் ஏத்தலாம்னு உக்காந்தா ஒண்ணே ஒண்ணு கூட ஏறல. டவுன்லோட் பண்ணின ஃபைலை அப்படியே காப்பி பண்ணி போட்டேன், புது ரீடர் அதைத் திறக்கவே மாட்டேங்குது. 184 புக். அதுல பாதிக்கு மேல நான் ரெண்டாவது தடவை படிக்கணும்னு ஆசைப்பட்டு வச்சிருந்தது.

அது கூட பரவால்ல, டேப்லெட்ல அவங்க ஆப்லயே படிச்சுக்கலாம்னு விட்டுட்டேன். நெஜமா மனசு கஷ்டப்பட்டது அம்மா விஷயத்துல. அம்மாவுக்கு ரெண்டு வருஷமா விழித்திரையில பிரச்சனை, நடுப்பார்வை மங்கிக்கிட்டே வருது, எழுத்தை எவ்ளோ பெருசாக்கினாலும் ரெண்டு வரி படிச்சா கண்ணை மூடிக்குவாங்க. நான் புக் படிக்கிற பழக்கத்தைக் கத்துக்கிட்டதே அவங்ககிட்ட இருந்துதான். இப்ப போன்லயே தமிழ்ல வாசிச்சுக் காட்டுற குரல் இருக்கு, செய்தி, மெசேஜ் எல்லாம் அதுதான் அவங்களுக்குப் படிச்சுச் சொல்லுது, சில எடத்துல உச்சரிப்பு தடுமாறினாலும் அம்மாவுக்கு அது பழகிடுச்சு. சரி என் கணக்குல இருக்குற புக்கை அதே மாதிரி கேக்கட்டும்னு ஆப்பைத் திறந்து ஸ்கிரீன் ரீடரை ஆன் பண்ணா அது "பக்கம் 1, பின் செல், மெனு" அப்படின்னு பட்டன் பேரை மட்டும் சொல்லுது, புக்ல இருக்குற ஒரு வார்த்தை கூட அதுக்குத் தெரியல. ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பாத்தேன், கருப்பா வருது. கடைசியில இன்னொரு போன் வச்சு டேப்லெட் ஸ்கிரீனை பக்கம் பக்கமா போட்டோ புடிச்சு, எழுத்தை அடையாளம் காணுற ஆப்ல போட்டு, அதுல ழ எல்லாம் ள ஆகி வந்ததை ஒவ்வொண்ணா திருத்தி, பன்னெண்டு பக்கம் வரைக்கும் பண்ணேன். ராத்திரி ஒரு மணி. அம்மா "போதும்டா, தூங்கு"ன்னு சொல்லிட்டாங்க.

மறுநாள் கஸ்டமர் கேர்ல சாட்ல போய் கேட்டேன். பேசினவர் மரியாதையாத்தான் பேசினார், அவர் மேல எனக்கு வருத்தமே இல்ல. வாசிச்சுக் காட்டுற வசதியை பதிப்பகம் ஆஃப் பண்ணி வச்சிருக்கு, நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுன்னார். சரி பூட்டு இல்லாத ஃபைலாவது குடுங்க, நான் காசு குடுத்து வாங்கினதுதானேன்னு கேட்டேன். அதுக்கு அவர், வாங்கின புக்கை காப்பி எடுக்குறது சட்டப்படி குற்றம் சார், உங்களுக்கு குடுத்திருக்கிறது படிக்கிற உரிமம் மட்டும்தான்னு சொன்னார். அந்த ஒரு வரி என்னை ரொம்ப யோசிக்க வச்சுது. நெஜமாவே குற்றமா? அதுக்கப்புறம் ஒரு மாசம் வேலை முடிஞ்சு வந்து இதைப் பத்தித்தான் படிச்சிட்டிருந்தேன்.

முதல்ல உரிமம்ங்கிற பாயிண்ட். விதிமுறையில அப்படித்தான் எழுதியிருக்கு, நான் ஒத்துக்கிட்டுத்தான் உள்ள போயிருக்கேன், ஆனா வாங்குற பக்கத்துல பெருசா இருக்குற பட்டன் "வாங்கு". "உரிமம் பெறு"ன்னு எங்கயும் இல்ல. இந்த வார்த்தைக்காகவே அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநிலம் 2024-ல ஒரு சட்டம் போட்டாங்க, 2025 ஜனவரி 1-ல இருந்து நடைமுறையில இருக்கு. டிஜிட்டல் பொருளுக்கு "வாங்கு"ன்னு போட்டா, இது உரிமம்தான், திரும்பப் பெறப்படலாம்னு வாங்குறவருக்குத் தெளிவா சொல்லணும், இல்லன்னா அந்த வார்த்தையை யூஸ் பண்ணக்கூடாது. இதுல எனக்கு ரொம்ப புடிச்சது அந்த சட்டம் குடுக்குற விலக்கு: டவுன்லோட் பண்ணி, நெட் இல்லாம, நிரந்தரமா வச்சுக்கலாம்ங்கிற பொருளுக்கு இந்த எச்சரிக்கை தேவையில்ல. அதாவது கையில ஃபைல் வந்து சேந்தா அதை வாங்கினதுன்னு சொல்லிக்கலாம். எனக்கும் அந்த அளவுகோல் சரின்னுதான் படுது.

அடுத்தது காப்பி. இங்கதான் அந்த கஸ்டமர் கேர் அண்ணன் சொன்னது முழு உண்மை இல்லன்னு தெரிஞ்சுது. சொந்த உபயோகத்துக்கு காப்பி எடுக்குறதை நெறைய நாடுகள் சட்டத்துலயே ஏத்துக்கிட்டிருக்கு. அமெரிக்காவுல 1984-லயே வீடியோ ரெக்கார்டர் வழக்குல சுப்ரீம் கோர்ட்ல அஞ்சு நீதிபதிங்க ஒரு பக்கம், நாலு பேர் எதிர்ப்பக்கம்னு தீர்ப்பு சொல்லிடுச்சு, டிவியில வர்ற நிகழ்ச்சியை வீட்டுல பதிவு பண்ணி அப்புறமா பாக்குறது நியாயமான உபயோகம்தான்னு. ஜெர்மனி 1965-லயே தனிப்பட்ட காப்பியை அனுமதிச்சிடுச்சு, அதுக்குப் பதிலா பதிவு பண்ணுற கருவி விக்கிறப்பவே ஒரு தொகை வாங்கி படைப்பாளிங்களுக்குப் பிரிச்சுக் குடுக்குற ஏற்பாட்டையும் வச்சாங்க. நல்ல யோசனைன்னு நெனைக்கிறேன், எழுதினவங்களுக்கு காசு போகணும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே கிடையாது. இந்திய பதிப்புரிமைச் சட்டத்துல 52ஆம் பிரிவு, தனிப்பட்ட உபயோகத்துக்கு நியாயமான அளவுல கையாளுறது மீறல் இல்லன்னு சொல்லுது. கனடா 2012-ல சட்டத்தை மாத்தினப்ப, வாங்கின ஒண்ணை வேற கருவிக்கு வேற வடிவத்துல மாத்தி வச்சுக்கலாம்னு பச்சையா எழுதியே வச்சுட்டாங்க.

அப்ப என்னதான் பிரச்சனைன்னு கேப்பீங்க. பிரச்சனை காப்பியில இல்ல, பூட்டுல. கனடா சட்டத்துல அந்த அனுமதிக்குக் கீழயே ஒரு நிபந்தனை இருக்கு, டிஜிட்டல் பூட்டு எதையும் உடைக்காம எடுத்தாத்தான் அது செல்லும். அதை படிச்சப்ப எனக்கு தலையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. நான் வாங்கின 184 புக்லயும் பூட்டு இருக்கு. அப்ப எனக்குக் குடுத்த அனுமதி எந்த புக்குக்கு? பிரிட்டன்ல 2014 அக்டோபர்ல தனிப்பட்ட காப்பி எடுக்கலாம்னு விதி கொண்டு வந்தாங்க, படைப்பாளிங்களுக்கு ஈடு எதுவும் குடுக்கலைன்னு இசைத்துறை அமைப்புகள் வழக்கு போட்டு 2015 ஜூலையில ஹைகோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு, ஒரு வருஷம் கூட ஓடல. அந்த ஒம்பது மாசத்துலயும் பூட்டைத் திறக்க அனுமதி இல்ல, பூட்டு தடுத்தா அமைச்சருக்கு புகார் எழுதலாம், அவ்ளோதான்.

இந்தப் பூட்டுச் சட்டம் எங்கிருந்து வந்துச்சுன்னா, 1996-ல உலக அறிவுசார் சொத்து அமைப்புல போட்ட பதிப்புரிமை ஒப்பந்தம். தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைக்கிறதுக்கு எதிரா ஒவ்வொரு நாடும் சட்டம் போடணும்னு அதுல இருக்கு. அமெரிக்கா 1998-ல டிஎம்சிஏன்னு ஒரு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் போட்டாங்க, ஐரோப்பிய யூனியன் 2001-ல வழிகாட்டுச் சட்டம் கொண்டு வந்தாங்க. டிஎம்சிஏவோட 1201ஆம் பிரிவு என்ன பண்ணுதுன்னா, நீங்க எதுக்காகத் திறந்தீங்கன்னு பாக்குறதுக்கு முன்னாடி, பூட்டைத் திறந்தீங்களான்னு பாக்குது. திருட்டு காப்பி போட்டு விக்கிறவனும், அம்மாவுக்கு வாசிச்சுக் காட்ட நெனைக்கிறவனும் அந்த வாசல்ல ஒரே வரிசையிலதான் நிக்கணும். விதிவிலக்கு வேணும்னா மூணு வருஷத்துக்கு ஒரு தடவை கேட்டு வாங்கணும். இ-புக்கை வாசிச்சுக் காட்டுறதுக்காக பூட்டைத் திறக்கலாம்னு 2003-ல இருந்து ஒரு விதிவிலக்கு குடுத்திருக்காங்க, அதைப் பாத்ததும் சந்தோஷமா இருந்துச்சு, ஆனா மேல படிச்சா அந்த விலக்கு திறக்குற செயலுக்கு மட்டும்தான், திறக்குறதுக்கான கருவியை செஞ்சு குடுக்குறதுக்கோ விக்கிறதுக்கோ கிடையாது. கண் தெரியாத ஒரு ஆள் தானே உக்காந்து பூட்டை உடைக்கிற ப்ரோக்ராம் எழுதிக்கணுமா? என்ன மாதிரி உதவி இது?

இந்திய சட்டம் இந்த எடத்துல கொஞ்சம் மனுஷத்தன்மையோட இருக்கு, அதைச் சொல்லியாகணும். 2012 திருத்தத்துல 65ஏ பிரிவு வந்துச்சு, பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் சிறையும் அபராதமும், ஆனா அது பதிப்புரிமையை மீறுற எண்ணத்தோட உடைச்சாத்தான். சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காகத் திறந்தா இந்தப் பிரிவு பொருந்தாதுன்னு அதுலயே எழுதியிருக்கு. அதே திருத்தத்துல 52ஆம் பிரிவுல, மாற்றுத்திறனாளிகள் படிக்கிற மாதிரி வடிவத்துல ஒரு படைப்பை மாத்திக் குடுக்குறது மீறல் இல்லன்னும் சேர்த்திருக்காங்க. அடுத்தவங்க உங்களுக்காகத் திறந்து குடுத்தா உங்க பேரு, முகவரி, எதுக்காகன்னு எல்லாம் எழுதி வச்சுக்கணும்னு ஒரு நிபந்தனை இருக்கு. இவ்ளோ இருந்தும் திறந்து குடுக்குற கடை எதுவும் இல்லையே, சட்டம் தடுக்கலைங்கிறதால மட்டும் பூட்டு தானா திறந்துடாதுல்ல. ஜெர்மனியில கூட இப்படித்தான், முழுக்க தனிப்பட்ட உபயோகத்துக்காக உடைச்சா குற்ற வழக்கு இல்ல, ஆனா உடைக்கிறது தடைதான்.

இந்த எடத்துல நார்வே பையன் கதை ஒண்ணு ஞாபகம் வருது. 1999-ல ஜான் லெக் ஜொஹான்சன்னு 15 வயசுப் பையன், தான் வாங்கின டிவிடியை லினக்ஸ் கம்ப்யூட்டர்ல பாக்குறதுக்காக, இன்னும் சில பேரோட சேர்ந்து டிவிடி பூட்டைத் திறக்குற ஒரு ப்ரோக்ராமை வெளியிட்டான். வழக்கு போட்டாங்க. 2003 ஜனவரியில கோர்ட் விடுதலை பண்ணுச்சு, அப்பீல் போனாங்க, அதே வருஷ டிசம்பர்ல அதுலயும் விடுதலை. நேர்மையா காசு குடுத்து வாங்கின படத்தை அவன் தன்னோட கம்ப்யூட்டர்ல பாக்குறது தப்பு இல்லன்னு கோர்ட் ஏத்துக்கிச்சு. நான் கேக்குறதும் அதேதான்.

பூட்டு எப்படி வேலை செய்யுதுன்னு ரொம்ப சிம்பிளா சொல்றேன். புக்கோட எழுத்து எல்லாத்தையும் குறியாக்கம் பண்ணி வச்சிடுவாங்க, அதைத் திறக்குற சாவி உங்க அக்கவுண்டோடயும் டிவைஸோடயும் கட்டியிருக்கும், ஆப் அப்பப்போ சர்வர்கிட்ட கேட்டுத்தான் சாவியைப் புதுப்பிக்கும். சர்வர் பதில் சொல்ற வரைக்கும்தான் புக் உங்களோடது. கடை மூடினா? மூடியிருக்காங்க. மைக்ரோசாஃப்ட் 2019-ல தன்னோட இ-புக் கடையை மூடினப்ப அந்த வருஷம் ஜூலையில எல்லார் லைப்ரரியில இருந்தும் புக் போயிடுச்சு. முழுப் பணத்தையும் திருப்பிக் குடுத்தாங்க, புக்ல குறிப்பு எழுதி வச்சிருந்தவங்களுக்கு கூடுதலா 25 டாலர் குடுத்தாங்க, அந்த அளவுக்கு அவங்க நடந்துக்கிட்டது ஒழுங்குதான். ஆனா ஒருத்தர் ஓரத்துல எழுதி வச்ச குறிப்புக்கு என்ன விலை போட முடியும் சொல்லுங்க. 2009-ல அமேசான், விக்க உரிமை இல்லாத ஒரு ஆள் ஏத்தின ஜார்ஜ் ஆர்வெல்ங்கிற எழுத்தாளரோட புக்குகளை வாங்கினவங்க கிண்டில்ல (அமேசானோட ரீடர்) இருந்தே அழிச்சாங்க, பெரிய எதிர்ப்பு வந்து அப்புறம் மன்னிப்பு கேட்டாங்க. பேப்பர் புக்கா இருந்தா வீட்டுக் கதவைத் திறந்து அலமாரியில இருந்து எடுத்துட்டுப் போயிருக்கணும்.

வாசிச்சுக் காட்டுற சண்டை கூட அதே 2009-லதான் ஆரம்பிச்சிருக்கு. கிண்டில் 2 வந்தப்ப எந்த புக்கையும் வாசிச்சுக் காட்டும்னு வசதி குடுத்தாங்க, அமெரிக்க எழுத்தாளர் சங்கம் அது ஆடியோ உரிமையை பாதிக்குதுன்னு எதிர்த்துச்சு, உடனே ஒவ்வொரு புக்குக்கும் அதை ஆஃப் பண்ணுற அதிகாரத்தை உரிமையாளருக்கே குடுத்துட்டாங்க. ஏப்ரல்ல பார்வையற்றவங்க அமைப்புகள் நியூயார்க்ல அந்தச் சங்கத்தோட ஆபீஸ் வாசல்ல போய் நின்னு போராடினாங்க. எழுத்தாளருக்கு ஆடியோபுக் வருமானம் போயிடும்ங்கிற பயம் எனக்குப் புரியுது, ஆடியோபுக்ல ஒரு நல்ல குரல் உணர்ச்சியோட படிக்கிறது வேற, அதுக்கு தனியா காசு குடுத்து நானே 31 வாங்கியிருக்கேன். ஆனா போன்ல இருக்குற மெஷின் குரல் அம்மாவுக்கு கண்ணு மாதிரி, அதுக்கு எப்படி தனி உரிமை கேக்க முடியும்?

2013-ல மரக்கேஷ் ஒப்பந்தம்னு ஒண்ணு போட்டாங்க, அச்சுல படிக்க முடியாதவங்களுக்காகவே. அதை முதல்ல உறுதிப்படுத்தின நாடு இந்தியா, 2014-ல. பூட்டைப் பாதுகாக்கிற சட்டம் இவங்களுக்குக் குடுத்த உரிமையைத் தடுக்கக்கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. ஐரோப்பாவுல 2025 ஜூன் 28-ல இருந்து மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கு, இ-புக்குக்கும் சேர்த்து, டிஆர்எம் பூட்டு வாசிச்சுக் காட்டுறது மாதிரியான வசதியை அடைக்கக்கூடாதுன்னு. அதனால இதெல்லாம் செய்ய முடியாத காரியம்னு இந்தக் கடை சொன்னா நான் நம்ப மாட்டேன்.

பூட்டு இல்லன்னா எல்லாரும் திருடிடுவாங்கன்னு ஒரு வாதம் எப்பவும் வரும். பாட்டுல என்ன ஆச்சுன்னு பாருங்க. ஆப்பிள் 2009-ல ஐடியூன்ஸ்ல விக்கிற பாட்டுல இருந்து பூட்டை எடுத்துட்டாங்க, ரெண்டு வருஷம் முன்னாடியே ஸ்டீவ் ஜாப்ஸ் வெளிப்படையா கடிதம் எழுதி, பூட்டு இல்லாத சிடியில எல்லா பாட்டும் வித்துட்டு இதுல மட்டும் பூட்டு எதுக்குன்னு கேட்டிருந்தார். இன்னைக்கு வரைக்கும் வாங்கின பாட்டு ஃபைல் எந்த பிளேயர்லயும் ஓடுது. புக்ல, அறிவியல் புனைகதை போடுற டோர் பதிப்பகம் 2012-ல பூட்டை எடுத்தாங்க, ஒரு வருஷம் கழிச்சு அவங்க பிரிட்டன் பிரிவே சொன்னாங்க, திருட்டு கூடினதா தெரியலன்னு. திருட்டு காப்பி போடுறவன் எப்படியும் போட்டுடுறான். பூட்டு கடைசியா யாரைத் தடுக்குதுன்னா, காசு குடுத்து வாங்கினவங்களை மட்டும்தான்.

இன்னொண்ணு. அப்பாவோட அலமாரியில இருந்த புக் இப்ப என்கிட்ட இருக்கு, பென்சில்ல அவர் போட்ட கோடு எல்லாம் அப்படியே. என்னோட 184 புக்கை நான் யாருக்கும் குடுக்க முடியாது, இரவல் கூட கிடையாது, அக்கவுண்ட் என்னோட முடிஞ்சுடும்னு விதிமுறையில போட்டிருக்கு. பழசா விக்கவும் முடியாது, டவுன்லோட் சாஃப்ட்வேரை மறுபடி விக்கலாம்னு 2012-ல தீர்ப்பு சொன்ன அதே ஐரோப்பிய நீதிமன்றம் 2019-ல இ-புக்குக்கு அது பொருந்தாதுன்னு சொல்லிடுச்சு.

பூட்டை உடைக்கிற டூல் எதுன்னு யாரும் கீழ கேக்காதீங்க, நான் அதைத் தொடல. சட்டம் நாட்டுக்கு நாடு மாறுது, நீங்க எங்க இருக்கீங்களோ அங்க என்னன்னு பாத்துக்கோங்க, அதுவும் இல்லாம கண்ட எடத்துல கிடைக்கிற டூலை கம்ப்யூட்டர்ல ஏத்துறதும் ஆபத்து.

நான் என்ன பண்ணேன்னா, இப்ப வாங்குறதுக்கு முன்னாடி நாலு விஷயம் பாக்குறேன். இபப் (இ-புக்குக்கான பொதுவான ஃபைல் வடிவம்) இல்லன்னா பிடிஎஃப் ஃபைலா டவுன்லோட் குடுக்குறாங்களா, அது அவங்க ஆப் இல்லாம வேற ஆப்ல திறக்குதா, எழுத்து எழுத்தா இருக்கா இல்ல ஸ்கேன் பண்ணின படமா, ஏன்னா பூட்டே இல்லாத பிடிஎஃபா இருந்தாலும் ஸ்கேன் படமா இருந்தா வாசிக்கிற குரலுக்கு அது வெறும் படம்தான், ஒண்ணும் படிக்காது. நாலாவது, மாதிரி அத்தியாயத்தை இறக்கி போன்ல வாசிக்க விட்டுப் பாத்துடுறேன், அஞ்சு நிமிஷ வேலை. சின்ன பதிப்பகங்கள் சில பேர் பூட்டு இல்லாம நேரா விக்கிறாங்க, வாங்கினவர் பேரை மட்டும் முதல் பக்கத்துல அச்சடிச்சுக் குடுப்பாங்க, அது எனக்கு முழு சம்மதம், என் பேரு இருக்குற புக்கை நான் ஏன் நெட்ல போடப் போறேன். பூட்டு போட்டே ஆகணும்னா எல்சிபின்னு ஒரு முறை இருக்கு, ஒரு கடவுச்சொல் போட்டா அதை ஆதரிக்கிற எந்த ஆப்லயும் திறக்கும், ஒரு தடவை திறந்துட்டா நெட் இல்லாமலும் படிக்கலாம். அதை ஆதரிக்கிற தோரியம்ங்கிற இலவச ஆப்ல வாசிச்சுக் காட்டுற வசதியும் இருக்கு. கேம் பக்கம் ஜிஓஜி 2008-ல இருந்து பூட்டு இல்லாமத்தான் விக்கிறாங்க, இன்னும் கடை நடக்குது.

அம்மாவுக்கு ரொம்ப புடிச்ச ஒம்பது புக்கை அந்த மாதிரி எடத்துல தேடி மறுபடி காசு குடுத்து வாங்கினேன். ஒரே புக்குக்கு ரெண்டு தடவை காசு, அந்த எழுத்தாளர்களுக்குத்தானே போகுதுன்னு மனசு ஆறிக்கிட்டேன். மத்த 175 இன்னும் பூட்டுக்குள்ளதான் இருக்கு. கடைக்கு மூணு தடவை மெயில் போட்டுட்டேன், வேற எதுவும் பண்ண வேணாம், வாசிச்சுக் காட்டுற வசதியை மட்டும் எல்லா புக்குக்கும் திறந்து விடுங்கன்னு. உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டதுன்னு பதில் வந்துச்சு. அதைத் திறந்து விட்டாங்கன்னா அன்னைக்கே இங்க வந்து நாலு ஸ்டார்னு மாத்தி எழுதுறேன், கூடவே டவுன்லோடும் குடுத்தா அஞ்சு. இப்போதைக்கு அம்மா ஒம்பதுல மூணாவது புக்ல இருக்காங்க, நேத்து ராத்திரி நான் தூங்கப் போறப்பவும் அந்த மெஷின் குரல் பக்கத்து ரூம்ல மெதுவா வாசிச்சிட்டே இருந்துச்சு.